ஏசிக் குழாய்க்கு ஒரு கழுத்து

எனக்கு முதலில் போனது சிவப்பு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தருபவருக்கு அனுப்பும் முதல் உருப்படியைத் தைப்பவள். அது தேறினால்தான் மற்றவை லைனில் ஓடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள், சாயப்பட்டறையிலிருந்து வந்த சிவப்புத் துணி வெளுத்திருக்கிறது என்று சண்டை பிடித்தேன். எங்கள் பிரிவின் இன்சார்ஜ் மோகன், ஒப்புதல் வாங்கிய துண்டுத் துணியை அதன் மேல் வைத்துக் காட்டினார்.

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. நல்லாப் பாருங்க” என்றார். அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

நான் நன்றாகத்தான் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் துணி குங்குமச் சிவப்பு. இடது கண்ணை மூடினால் அதே துணி பழைய செங்கல். சாயப்பட்டறையின் மேல் போட்ட பழியை அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கும் இப்படித் தொடங்கியிருக்கும். ஒரு நிறம் மங்கியிருக்கும், ஒரு விரல் மரத்திருக்கும், நடக்கும்போது ஒரு கால் மட்டும் பின்தங்கியிருக்கும். உங்களுக்கும் உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பரிதாபத்துக்காக எழுதவில்லை. நான் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் பெயர் சூடு. கண் மங்கினால் சூடு, முடி கொட்டினால் சூடு, மருமகள் எதிர்த்துப் பேசினாலும் சூடுதான். எனக்கும் இளநீர், வெந்தயம், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் என்று வைத்தியம் நடந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைக்கு ஊற்றினேன். இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் எதிரே இருந்த சுவர் காணாமல் போனது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கால்கள் நனைந்த துணியாகத் தொங்கின.

ஃபேனுக்கு அடியில் படுத்ததும் சுவர் திரும்பி வந்தது. உடம்புச் சூடு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“சூடு எறங்கறப்ப கண்ணு அவிஞ்சு போகுமா? கெளம்பு கலா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார் என் கணவர். அவர் பெயர் சண்முகம். கம்பேக்டிங் யூனிட்டில், துணியை நீராவியில் காட்டி அழுத்திச் சுருங்காமல் செய்யும் மெஷினை ஓட்டுகிறார். நாளெல்லாம் சூட்டில் நிற்கிற மனிதர். அவருக்குச் சூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க யாராலும் முடியாது.

கண் மருத்துவர் பார்த்துவிட்டு, ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கம்) என்றார். கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்புக்குள் படம் எடுக்கும் சோதனை) எடுக்கும் அறைக்கு வெளியே நீண்ட நடைவழியில் காத்திருந்தோம். கடுங்குளிர். மற்றவர்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கண் தெளிவாக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது. இவ்வளவு செலவு வைத்துவிட்டு நன்றாக இருக்கிறோமே என்று வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் குளிர் என்னிடம் என்ன சொன்னது என்று அப்போது புரியவில்லை.

எனக்கு வந்திருந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய்). மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, நிதானமானவர். கரண்ட் ஒயரின் மேல் உறை பிய்ந்துபோவது போல என்று விளக்கினார். நான் மனதுக்குள் இடுப்பு எலாஸ்டிக் என்று மாற்றிக்கொண்டேன். மேலே சுற்றிய நூல் அறுந்துபோனால் உள்ளே இருக்கும் ரப்பர் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வாய் கசந்தது, தூக்கம் போனது, பார்வை பெரும்பாலும் வந்தது. நோய் மேலும் அரிக்காமல் இருக்க நாள்தோறும் மாத்திரை. வலது கை விரல் நுனிகளில் மட்டும் எறும்பு ஊர்கிற உணர்ச்சி தங்கிவிட்டது. பங்குனியில் வீட்டுக்கு வந்தேன்.

வீடு என்பது மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறைகள். ஒன்று சமைக்க, ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும். பங்குனி வெயிலில் அந்த ஷீட்டின் மேல் வடகம் காயப்போடலாம். அடியில் நாங்கள் காய்ந்தோம். மதியம் ஆனதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கரைந்தது. எழுந்தால் கால் மடங்கியது. நோய் திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டே மறுபடியும் கோவைக்கு ஓடினோம்.

மருத்துவர் என் கண்ணையும் காலையும் சோதித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

“இது புது பாதிப்பு இல்லைங்க கலாமணி. ஏற்கனவே பட்ட நரம்பு, உடம்பு சூடானா வேலை செய்யத் திணறுது. குளிர்ந்தா சரியாயிடும். வெந்நீர்ல குளிச்சப்ப நடந்ததும் இதுதான்.”

“அப்ப ஊர்ல சூடுன்னு சொன்னது நெசந்தானுங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “பாதி நெசம். வைத்தியந்தான் தப்பு. உடம்பைக் குளிர்ச்சியா வச்சுக்குங்க. ஆனா மங்கல் ஒரு நாளுக்கு மேல நீடிச்சா சூடுன்னு சும்மா இருந்துடாதீங்க, உடனே வாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சியாக இருப்பதற்கு எல்லோரும் ஒரே வழியைச் சொன்னார்கள்: ஊரை விட்டுப் போவது. என் கணவரின் அக்கா அமராவதி நகரில் இருக்கிறார். நங்கையா என்று கூப்பிடுவேன். தங்கமான மனுஷி.

“டேமுக் காத்து சிலுசிலுன்னு வரும் கண்ணு. தென்னந்தோப்புக்குள்ள கட்டலப் போட்டுப் படுத்துக்க. என்ர தம்பி வாரம் ஒருக்கா வந்து போகட்டும்” என்று போனில் சொன்னார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தென்னந்தோப்பில் சாம்பிள் தைக்க முடியாது.

மோகன் பழங்களோடு பார்க்க வந்தார். கம்பெனியில் என் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாகச் சொன்னார். “கம்பெனிச் சூட்டுக்கு உங்களால வர முடியாது, தெரியும். வீட்டுல உக்காந்து தைக்க முடியும்னா சொல்லுங்கக்கா, சாம்பிள நானே கொண்டுவாரேன். இந்தக் கோடை முடியறவரைக்கும் உங்க சீட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

பதினேழு வயதில், தைக்கிறவர்களுக்குத் துணியை மடித்துக்கொடுக்கும் கைமடிப் பெண்ணாகக் கம்பெனிக்குள் போனவள் நான். செக்கிங், ஓவர்லாக் என்று ஏறி ஏறி அந்தச் சீட்டுக்கு வந்தேன். கழுத்து ஏற்றுவதில், அதாவது டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பதில், என் கையில் சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை. கோடை முடிவதற்குள் அந்த அறைக்குள் உட்கார்ந்து நான் ஒரு கழுத்து ஏற்றியாக வேண்டும். எனக்கு நோயைவிட அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

முதலில் ஏர் கூலர் வைத்துப் பார்த்தோம். தண்ணீரை ஊற்றினால் ஈரக்காற்று வந்தது. சிறிய அறையில் அது புழுக்கமாக மாறி, வேர்வை காயாமல் உடம்பில் நின்றது.

சுவரில் மாட்டும் ஏசிக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அவர் காதர்பேட்டையில் குழந்தைகளுக்கான துணிகளை மொத்த வியாபாரம் செய்கிற பாய். கருமி அல்ல. சுவரைத் தட்டிக் காட்டினார்.

“இது ஹாலோ பிளாக்கும்மா. ட்ரில்லு வச்சா சுவரே கையோட வந்துரும். வெளிய மெஷினத் தொங்கவிட்டா கீழ போறவன் தலையில விழும்.”

கோவை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள்தான் போர்ட்டபிள் ஏசியைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சக்கரம் வைத்த பெட்டி. சுவரில் ஓட்டை வேண்டாம். பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதை ஜன்னல் வழியாக வெளியே விட்டால் போதும். பெரிய பிளக் வேண்டும் என்பதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதற்கென்று தனி ஒயர் இழுத்தோம். பெட்டி மாடி ஏறியபோது லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். “கலாக்கா ஊடு இனி ஊட்டி” என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

குழாயை ஜன்னலில் பொருத்தப் பெட்டியோடு ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். அது பக்கவாட்டில் தள்ளுகிற ஜன்னலுக்கு உரியது. எங்கள் ஜன்னலோ வெளிப்பக்கம் திறக்கிற இரண்டு கதவுகள், நடுவே இரும்புக் கம்பிகள். ஒரு கம்பியை அறுத்துக் குழாயை விட பாய் அனுமதித்தார். சுற்றியிருந்த இடைவெளியை எதனால் மூடுவது? திருப்பூரில் இது ஒரு கேள்வியா? துணி இருக்கிறது.

என் கணவர் நல்ல பனியன் துணியாகக் கட் பிட்டுகளை, அதாவது வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை, கொண்டுவந்தார். வீட்டில் இருந்த பழைய தையல் மெஷினில் அவர் உட்கார்ந்து தைக்க, நான் பாயில் படுத்துக்கொண்டு அதிகாரம் செய்தேன். இரண்டு மடிப்பு, ஓரமெல்லாம் பைண்டிங், மூலையில் கட்டுவதற்கு நாடா. ஜன்னலுக்குப் புதுச் சட்டை போட்டது போல இருந்தது. கதவைச் சாத்தினோம், பட்டனை அழுத்தினோம்.

பெட்டி இரைந்தது. அதன் முன்னால் கையை நீட்டினால் ஐஸ். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் பங்குனி. மதியம் காலண்டர் வழக்கம்போலக் கரைந்தது. இவ்வளவு பெரிய பெட்டியை வாங்கிவிட்டு அமராவதி நகருக்கே போக வேண்டியதுதானா என்று எனக்கு அழுகை வந்தது. பிறகு அழுகை போய்க் கோபம் வந்தது.

என் கணவர் ஜன்னல் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அறைக்குள் வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“ஏனுங்க, எனக்கு உசுரு போகுது, உங்களுக்குச் சிரிப்பு வருதுங்களா?”

“கலா, நம்ம துணி நல்ல துணி. அதுதான் நம்மளக் கெடுத்துப்போட்டுது. காத்துப் போகோணும், காத்துப் போகோணும்னு காலம் பூரா ஓட்டற துணி. ஜன்னல்ல கட்டுனா மட்டும் போகாம இருக்குமா?”

கையை வைத்துப் பார்த்தேன். துணிக்குள்ளிருந்து வெந்நீர் ஆவி போலக் காற்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டி அறையின் சூட்டைக் காற்றோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். சமையலறைக் கதவின் அடியிலிருந்து வந்தால் அவ்வளவு மோசமில்லை. நாங்களோ குழாய் துப்பிய அதே அனலை, வியர்வை உறிஞ்சும் உயர்ந்த ரகப் பனியன் துணி வழியாக, வடிகட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அப்படியானால் எங்களுக்குக் காற்றுப் போகாத துணி வேண்டும். வாழ்க்கையில் ஒரு நாளும் நாங்கள் தேடாத துணி. வாடகை வாங்க வந்த பாயிடம் என் கணவர் இந்தக் கதையைச் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“குழந்தைங்களுக்கு அடியில விரிக்கிற ஷீட்டு இருக்கு தங்கச்சி. மேல துணி, கீழ பிளாஸ்டிக் பூச்சு. ஒண்ணுக்கே போகாது, காத்தா போகும்?” என்றார். மறுநாள் ஒரு துண்டு வந்து சேர்ந்தது. மஞ்சளில் வாத்து படம் போட்டது.

ஜன்னலின் இடைவெளிக்கு அது சரி. ஆனால் உருண்டையான குழாயைச் சுற்றி விறைப்பான துணி ஒட்டாது, இடைவெளி விடும். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வட்டமான துவாரம், அதில் இழுத்துப் பிடிக்க ஒரு பட்டி. ரிப் துணி, கழுத்துப்பட்டிக்கு வைக்கிற இழுபடும் துணி. அதைச் சற்றுக் குறைவாக வெட்டி, எலாஸ்டிக்கோடு இழுத்து ஏற்ற வேண்டும். அவ்வளவு பெரிய ஏசிக்குத் தேவைப்பட்டது ஒரு ரவுண்டு நெக்.

“கம்பெனியில குடுத்துத் தெச்சுட்டு வந்தர்றேன்” என்றார் கணவர்.

“வேண்டாமுங்க. கழுத்து நான்தான் ஏத்துவேன்.”

வெயில் ஏறுவதற்கு முன், விடியலில் உட்கார்ந்தேன். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் அவரிடம் கொடுத்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்ததால் துணியின் ஓரம் எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரியவில்லை. எனவே நுனியை விட்டுவிட்டு, விரலின் நடுக்கணுவால் தள்ளிப் பார்த்தேன். அங்கே உணர்ச்சி இருந்தது. ஓரத்தில் சாம்பல் படர்ந்தபோது நிறுத்திவிட்டுப் படுத்தேன், தெளிந்ததும் எழுந்தேன். ஒரு பக்கம் பிரித்து மறுபடியும் தைத்தேன். கம்பெனியில் இதற்குள் ஒரு கட்டு முடித்திருப்பேன். ஒரே ஒரு கழுத்துக்கு இரண்டு விடியல் ஆனது. திருப்பிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

குழாயைக் கழுத்துக்குள் நுழைத்ததும் கவ்விக்கொண்டது. குழாயே சூடாகும் என்பதால் அதற்கும் பஞ்சு வைத்த துணியில் ஓர் உறை போட்டோம். கூரை ஷீட்டின் அடியில் தெர்மகோல் ஒட்டினோம். குழாயை வளைக்காமல் நீளம் குறைத்து வைத்தோம். இந்த நாலையும் நீங்கள் செய்யுங்கள். இன்னும் விலை கூடிய பெட்டியைத் தேடிப் போக வேண்டாம். அன்று மதியம் உச்சி வெயிலில் காலண்டரில் நாளைப் படித்தேன். ராகு காலம்கூடத் தெரிந்தது. நங்கையாவுக்குப் போன் செய்து, தென்னந்தோப்புக் கட்டிலை அவர் கணவருக்கே போட்டுக்கொடுக்கச் சொன்னேன்.

அக்னி நட்சத்திரத்தில் மோகன் ஒரு சாம்பிளோடு வந்தார். குழந்தைக்கான டி-ஷர்ட். சிவப்பு. மாலைக்குள் கூரியரில் போக வேண்டும். வேண்டுமென்றே அந்த நிறத்தைக் கொண்டுவந்தாரா என்று நான் கேட்கவில்லை. வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தேன். குங்குமம் வரவில்லை, காய்ந்த மிளகாய் அளவுக்கு வந்திருந்தது. போதும் என்று மெஷினில் உட்கார்ந்தேன். தோள் சேர்த்து, கை ஏற்றி, கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் கரண்ட் போனது.

பெட்டி நின்றது. இன்வெர்ட்டரில் லைட்டும் தையல் மெஷினும் ஓடும், ஏசி ஓடாது. மேலே கூரை ஷீட் வெயிலில் டப்பென்று விரிந்த சத்தம் கேட்டது.

“நிறுத்திருங்கக்கா. நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்” என்றார் மோகன். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் எட்டி ஜன்னல் துணியில் உள்ளங்கையை வைத்தேன். வாத்துகள் அசையவில்லை. குழாயின் கழுத்துப் பக்கமும் தொட்டுப் பார்த்தேன். ஓர் இழை காற்றுக்கூட இல்லை.

“இந்தக் கழுத்து முடியற வரைக்கும் குளுரு நிக்குமுங்க தம்பி. நான் தெச்ச ஜன்னலு. சித்த அந்தக் கதவ மட்டும் தொறக்காம இருங்க.”

அவசரப்படவில்லை. நடுக்கணுவால் துணியைத் தள்ளினேன். ரிப்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது என் கைக்கு மறக்கவில்லை. வட்டம் முடிந்து நூலை அறுத்தபோது கழுத்தின் பின்புறம் வேர்த்தது. பார்வையின் ஓரத்தில் சாம்பல் எட்டிப் பார்த்தது. உருப்படியை நீட்டிவிட்டுப் பாயில் சாய்ந்தேன். மோகன் அதை உள்பக்கம் திருப்பிச் சுருக்கம் தேடினார்.

“தேடாதீங்க தம்பி. இருக்காது.”

சாம்பிள் தேறியது. சில நாள் கழித்து ஒரு டெம்போவில் என் மெஷினையும், கூடவே என் நாற்காலியையும் மோகன் அனுப்பிவைத்தார். நாற்காலியின் முதுகில் பல வருடங்களுக்கு முன் நான் சுற்றிய துணி அப்படியே இருந்தது.

எனக்கு நோய் போகவில்லை, போகாது. முன்பெல்லாம் என் உடம்பு எங்கே முடிகிறது என்று கேட்டால் தோலைக் காட்டியிருப்பேன். இப்போது அது இந்த அறையின் நான்கு சுவர்கள் வரைக்கும் இருக்கிறது. கதவைத் திறந்தால் என் உடம்பையே திறந்தது போல இருக்கிறது. முன்பு கம்பெனி சங்கு ஊதினால் எனக்கு நேரம் தெரியும். இப்போது அதற்கு வேறு அளவு வைத்திருக்கிறேன்.

கரண்ட் போகும்போது என் கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்.

“எவ்வளவு நேரம் தாங்கும் கலா?”

“ஒரு கழுத்து தாங்குமுங்க” என்பேன். தைப்பேன்.